ஆட்டிசத்துக்கான சிகிச்சை முறைகளின் வரலாறு

ஆட்டிசம் (மதியிறுக்கம்) என்பது மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய, பிறவியிலிருந்தே அமையும் ஒரு நிலை. பிறரோடு பழகுவதிலும் கருத்தைப் பரிமாறிக்கொள்வதிலும் வேறுபாடு, ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்தல், மாற்றத்தை ஏற்கச் சிரமப்படுதல், ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றைக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை இதன் பொதுவான அடையாளங்கள். இந்த நிலைக்கு மருத்துவ உலகில் தனிப்பெயர் கிடைத்து எண்பது ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம்தான் ஆகிறது. அந்தக் காலத்துக்குள் மனப்பகுப்பாய்வு, மின் அதிர்ச்சி, நடத்தைப் பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு, ஊசி மருந்து எனப் பலவும் இதற்குச் சிகிச்சையாக முன்வைக்கப்பட்டன. அவற்றுள் சில குழந்தைகளுக்குப் பேசவும் படிக்கவும் வாழவும் வழி காட்டின. சில பெரும் தீங்கு செய்தன. எந்த முறை எப்படித் தோன்றியது, எது ஏன் நிலைத்தது, எது ஏன் கைவிடப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் முதல் விவரிப்புகளும்

'ஆட்டிசம்' என்ற சொல்லை முதலில் பயன்படுத்தியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். 1910-களின் தொடக்கத்தில், மனச்சிதைவு நோயாளிகள் தமக்குள் ஒடுங்கிக்கொள்வதைக் குறிக்க அவர் இச்சொல்லை உருவாக்கினார். 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே இதன் வேர். குழந்தைகளிடம் காணப்படும் தனி நிலை என்ற பொருள் இதற்குப் பின்னால்தான் வந்தது.

மாஸ்கோவில் பணியாற்றிய குருன்யா சுகரேவா, 1925-இல் ஆறு சிறுவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் விவரித்த இயல்புகள் இன்று நாம் ஆட்டிசம் என்று சொல்வதோடு பெரிதும் பொருந்துகின்றன. ஆனால் அவரது எழுத்து மேற்கு நாடுகளில் நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை.

1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஆட்டிசத்தின் மருத்துவ வரலாறு பொதுவாக இங்கிருந்தே தொடங்கப்படுகிறது. அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதையொத்த சிறுவர்களைப் பற்றி எழுதினார். அவர் வேலை செய்த பிரிவில் குழந்தைகளுக்கு விளையாட்டு, இசை, நாடகம் வழியாகக் கற்பிக்கப்பட்டது. ஆனால் நாஜி ஆட்சிக் காலத்தில், குழந்தைகள் கொல்லப்பட்ட ஸ்பீகல்குரண்ட் என்ற நிலையத்துக்கு அவரும் சில குழந்தைகளை அனுப்பியிருந்தார் என்பது 2018-இல் வெளியான ஆவண ஆய்வில் தெரியவந்தது.

கானரின் கட்டுரையில் முதலாவதாக வரும் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933-இல் பிறந்தவர். அன்றைய வழக்கப்படி, மருத்துவர்களின் அறிவுரையை ஏற்றுப் பெற்றோர் அவரை ஏறத்தாழ நான்கு வயதில் ஒரு காப்பகத்தில் சேர்த்தனர். அங்கே அவர் மேலும் ஒடுங்கிப்போனார். ஓராண்டு கழித்துப் பெற்றோர் அவரைத் திரும்ப அழைத்துவந்தனர். தந்தை மகனைப் பற்றிய 33 பக்கத் தட்டச்சுக் குறிப்பொன்றைக் கானருக்கு அனுப்பினார். ஆட்டிசம் பற்றிய மருத்துவ அறிவின் அடித்தளத்தில் ஒரு தகப்பன் எழுதிய கடிதமும் உண்டு என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

தாயைக் குற்றம் சாட்டிய காலம்

1943-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிவில், இக்குழந்தைகள் பிறவியிலேயே இத்தன்மையோடு வருகிறார்கள் என்றே கானர் கருதினார். அதே கட்டுரையில், பெற்றோர் சிலரிடம் அன்பின் வெதுவெதுப்பு குறைவாகத் தெரிந்தது என்றும் குறிப்பிட்டிருந்தார். 1949-இல் எழுதிய கட்டுரையில் இந்த இரண்டாவது கருத்துக்கு அவர் கூடுதல் அழுத்தம் தந்தார். இதிலிருந்து 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்ற கருத்து பரவியது. தாயின் அன்பின்மையால் குழந்தை உலகை விட்டு விலகிக்கொள்கிறது என்பதே அதன் சாரம்.

அமெரிக்க மனநல மருத்துவத்தில் அப்போது மனப்பகுப்பாய்வு மேலோங்கியிருந்தது. ஆகவே இந்தக் கருத்துக்கு எளிதில் ஆதரவு கிடைத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்த்தோஜெனிக் பள்ளியின் இயக்குநர் புரூனோ பெட்டல்ஹைம் இதன் முக்கியப் பரப்புநர். நாஜி வதைமுகாம்களில் கைதியாக இருந்த அவர், அங்கே தாம் கண்ட மனித ஒடுக்கத்தோடு இக்குழந்தைகளின் நிலையை ஒப்பிட்டார். 1967-இல் வெளியான அவரது 'வெற்றுக் கோட்டை' நூல் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டது.

காரணம் தாய் என்று முடிவான பின், சிகிச்சையும் அதற்கேற்பவே அமைந்தது. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதியில் வளர்ப்பதும், தாயை மனப்பகுப்பாய்வுக்கு உட்படுத்துவதும் மருந்தாகச் சொல்லப்பட்டன. பேசப் பழக்குவதற்கோ உண்ணவும் உடுத்தவும் கற்றுத்தருவதற்கோ முறையான பயிற்சி இல்லை. ஒரு தலைமுறைத் தாய்மார், தம் குழந்தையின் நிலைக்குத் தாமே காரணம் என்ற பழியோடு வாழ்ந்தனர்.

மருத்துவமனைகளில் வேறு வகைச் சோதனைகளும் நடந்தன. ஆட்டிசம் அப்போது பெரும்பாலும் 'குழந்தைப் பருவ மனச்சிதைவு' என்ற பெயருக்குள் அடக்கப்பட்டிருந்தது. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் லாரெட்டா பெண்டர் 1940-களில் இவ்வகைக் குழந்தைகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார். 1960-களில் அவரும் வேறு சிலரும் எல்.எஸ்.டி. என்ற மாயத்தோற்ற மருந்தையும் கொடுத்துப் பார்த்தனர். இவற்றால் நிலைத்த பயன் எதுவும் நிறுவப்படவில்லை.

பெற்றோர் எழுப்பிய எதிர்க்குரல்

இந்த நிலையை மாற்றியவர்களில் பெர்னார்டு ரிம்லாண்ட் முதன்மையானவர். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த அவருக்கு ஆட்டிசம் உள்ள மகன் ஒருவர் இருந்தார். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்த அவர், தாயைக் குறை கூறும் கருத்துக்குச் சான்றே இல்லை என்று கண்டார். ஆட்டிசம் உயிரியல் அடிப்படை கொண்டது என வாதிட்டு 1964-இல் அவர் வெளியிட்ட நூலுக்குக் கானரே முன்னுரை எழுதினார். அடுத்த ஆண்டு ரிம்லாண்டும் பிற பெற்றோரும் சேர்ந்து ஆட்டிசக் குழந்தைகளுக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கினர். 1969-இல் அச்சங்கத்தின் கூட்டத்தில் பேசிய கானர், பெற்றோர் மீது குற்றமில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்.

பிரிட்டனில் 1962-இலேயே பெற்றோர் ஒரு சங்கம் அமைத்திருந்தனர். மனநல மருத்துவரும் ஆட்டிசம் உள்ள மகளின் தாயுமான லோர்னா விங் அதில் முக்கியப் பங்காற்றினார். அச்சங்கம் 1965-இல் லண்டனின் ஈலிங் பகுதியில் தன் முதல் பள்ளியைத் திறந்தது. மாண்டிசோரி முறையில் பயின்ற ஆசிரியை சிபில் எல்கர் அதை நடத்தினார். கற்பிக்க முடியாதவர்கள் என ஒதுக்கப்பட்ட குழந்தைகள், ஒழுங்கான தெளிவான சூழலில் கற்கிறார்கள் என்பதை அப்பள்ளி காட்டியது.

பழைய கருத்தின் மீது அறிவியல் அடி 1977-இல் விழுந்தது. சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் பிரிட்டனில் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளில் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த 10 இணைகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. மரபுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பது தெளிவாயிற்று.

நடத்தைப் பயிற்சியின் எழுச்சி

மனப்பகுப்பாய்வு 'ஏன்' என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, நடத்தை உளவியலாளர்கள் 'எதைக் கற்றுத்தர முடியும்' என்று கேட்டனர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஐவர் லோவாஸ் 1960-களில் இப்பணியைத் தொடங்கினார். ஒரு திறனைச் சிறு சிறு படிகளாகப் பிரிப்பது, ஒவ்வொரு படியையும் திரும்பத் திரும்பப் பயிற்றுவது, சரியாகச் செய்தால் உடனே பரிசளிப்பது என்பது அவரது முறை. செயல்முறை நடத்தைப் பகுப்பாய்வு என்று இது அழைக்கப்படுகிறது.

இம்முறைக்கு ஓர் இருண்ட பக்கமும் இருந்தது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைகளைத் தடுப்பதற்காகத் தொடக்க ஆண்டுகளில் அறைதலும் மின் அதிர்ச்சியும் பயன்படுத்தப்பட்டன. 1965-இல் 'லைஃப்' இதழ் இதைப் படங்களோடு வெளியிட்டது.

1973-இல் லோவாஸ் குழு வெளியிட்ட தொடராய்வு ஒரு முக்கிய உண்மையைச் சொன்னது. பயிற்சிக்குப் பின் காப்பகங்களுக்குத் திரும்பிய குழந்தைகள் கற்றதை இழந்தனர். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் சென்றவர்கள் அதைத் தக்கவைத்துக்கொண்டனர். எந்தப் பெற்றோரை விலக்குவதே சிகிச்சை என்று சொல்லப்பட்டதோ, அவர்களே சிகிச்சையின் ஆதாரம் என்பது இதனால் புலனாயிற்று.

1987-இல் வெளியான அவரது ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர், சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்து, அறிவுத்திறன் சோதனையிலும் சராசரி மதிப்பெண் பெற்றனர் என்று அது கூறியது. ஆனால் குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் தீவிரப் பயிற்சியால் முன்னேற்றம் உண்டு என்று உறுதிசெய்தன. எனினும் அந்த முதல் விகிதத்தை அவை எட்டவில்லை.

உலகைக் குழந்தைக்கு ஏற்ப அமைத்தல்

சிகாகோவில் பயின்று, பெட்டல்ஹைமின் கருத்துகளை நேரில் அறிந்து, அவற்றை மறுத்தவர் எரிக் ஷாப்ளர். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1966-இல் அவர் தொடங்கிய திட்டம், பெற்றோரை இணை சிகிச்சையாளர்களாக ஏற்றது. 1972-இல் மாநிலச் சட்டமன்றம் அதை அரசின் நிரந்தரத் திட்டமாக்கியது. 'டீச்' என்ற பெயரில் இது பல நாடுகளுக்குப் பரவியது.

இக்குழந்தைகளில் பலர் கேட்பதைவிடப் பார்ப்பதை எளிதாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது இம்முறையின் அடிப்படை. அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் மாட்டுவது, ஒவ்வொரு வேலைக்கும் தனி இடம் ஒதுக்குவது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது ஆகியவை இதன் கருவிகள். இன்று நம் ஊர்ச் சிறப்புப் பள்ளிகளிலும் காணப்படும் பட அட்டவணைகள் இந்த மரபைச் சேர்ந்தவை.

1985-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் படப் பரிமாற்ற முறையை உருவாக்கினர். தண்ணீர் வேண்டுமெனில் தண்ணீர்ப் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுக்கக் குழந்தை கற்கிறது. பேச்சு வராத குழந்தைக்குக் கேட்கும் வழி கிடைத்துவிட்டால், அழுகையும் கோபமும் பெரும்பாலும் குறைகின்றன. படம் பழகினால் பேச்சு வராது என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

ஜீன் ஏர்ஸ் 1970-களில் முன்வைத்த புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாடு, செயல்வழிச் சிகிச்சையில் இடம்பெற்றது. ஊஞ்சல், உருளை, அழுத்தம் தரும் விளையாட்டுகள் ஆகியவற்றின் மூலம் புலன் உணர்வுகளைச் சமன்செய்ய இது முயல்கிறது.

அண்மைக் காலத்தில் மேசை முன் உட்காரவைத்துப் பயிற்றுவதைவிட, விளையாட்டின் போக்கிலேயே கற்பிக்கும் முறைகள் வளர்ந்துள்ளன. சாலி ரோஜர்ஸ், ஜெரால்டின் டாசன் உருவாக்கிய டென்வர் முறை 2010-இல் 48 சிறு குழந்தைகளிடம் குலுக்கல் முறையில் சோதிக்கப்பட்டது. மொழியிலும் அன்றாடத் திறன்களிலும் முன்னேற்றம் காணப்பட்டது.

அதிசய மருந்துகளின் அலைகள்

முழுமையான மருந்து இல்லாத இடத்தில் அதிசயம் பற்றிய செய்தி விரைவில் பரவும். ஆட்டிசத்தின் வரலாற்றில் இது பலமுறை நடந்தது.

1990-களின் தொடக்கத்தில் 'உதவியுடன் தட்டச்சு' என்ற முறை புகழ்பெற்றது. உதவியாளர் ஒருவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள, குழந்தை எழுத்துகளைத் தட்டும். பேசாத குழந்தைகள் கவிதையே எழுதினார்கள் என்று செய்திகள் வந்தன. பின்பு எளிய சோதனை ஒன்று செய்யப்பட்டது. குழந்தைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறு படமும் காட்டப்பட்டன. தட்டச்சில் வந்தது உதவியாளர் பார்த்த படத்தின் பெயர். அவரே அறியாமல் அவர் கைதான் எழுதியிருந்தது. 1994-இல் அமெரிக்க உளவியல் சங்கம், இம்முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது.

1998-இல் செக்ரிட்டின் என்ற செரிமான ஹார்மோன் ஊசிக்குப் பின் மூன்று குழந்தைகள் முன்னேறியதாகத் தகவல் வெளியானது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதைத் தேடி அலைந்தன. 1999-இல் 60 குழந்தைகளைச் சேர்த்து நடந்த ஆய்வில் ஒரு பிரிவுக்குச் செக்ரிட்டினும், மறு பிரிவுக்கு வெறும் உப்புநீரும் செலுத்தப்பட்டன. இரண்டு பிரிவுகளிலும் ஓரளவு முன்னேற்றம் பதிவானது. இடையே வேறுபாடு இல்லை. முடிவை எடுத்துச் சொன்ன பிறகும் பெற்றோரில் 69 விழுக்காட்டினர் அந்த மருந்தில் ஆர்வம் காட்டினர். குழந்தை வளர்கிறது; வளர்ச்சியில் சில திறன்கள் தாமாகவே வருகின்றன. அந்த நேரத்தில் எந்த மருந்து கையில் இருந்ததோ அதற்குப் பெருமை போய்ச் சேர்கிறது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத சாட்சியத்தை மட்டும் நம்பலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

அதே 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு, 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தினார். டென்மார்க்கில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்த 2002-ஆம் ஆண்டு ஆய்வு, அப்படித் தொடர்பு இல்லை என்று காட்டியது. 2010-இல் 'லான்செட்' இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவரது மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. இதற்கிடையே தடுப்பூசியில் உள்ள பாதரசத்தை வெளியேற்றுவதாகச் சொல்லி 'கிலேஷன்' சிகிச்சை பரவியிருந்தது. 2005-இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இச்சிகிச்சையின்போது இறந்தான்.

மருந்துகளின் எல்லை

ஆட்டிசத்தின் அடிப்படை இயல்புகளை மாற்றும் மருந்து என்று நிறுவப்பட்டது எதுவும் இல்லை. அதனோடு சேர்ந்து வரும் சில துன்பங்களுக்கு மருந்துகள் உதவுகின்றன. கடும் எரிச்சல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றுக்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006-இல் ரிஸ்பெரிடோனையும் 2009-இல் அரிபிப்ரசோலையும் ஏற்றது. எடை கூடுதல், தூக்கக் கலக்கம் போன்ற பக்கவிளைவுகள் இருப்பதால் மருத்துவரின் தொடர் கண்காணிப்பு தேவை. வலிப்பு, தூக்கமின்மை, பதற்றம் ஆகியவற்றுக்கும் தனித்தனி மருத்துவம் உண்டு.

ஆட்டிசம் உள்ளவர்களே பேசியபோது

1986-இல் டெம்பிள் கிராண்டின் தம் வாழ்க்கையை நூலாக எழுதினார். ஆட்டிசம் உள்ளவர் ஒருவர் உள்ளிருந்து சொன்ன விவரம் அதற்குமுன் பரவலாகக் கிடைத்ததில்லை. 1993-இல் ஜிம் சின்கிளேர், பெற்றோர் தம் குழந்தையை இழந்துவிட்டதாகத் துக்கம் கொண்டாட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இவர்களுக்குப் பின் வந்தவர்கள், கையை அசைப்பதை நிறுத்துவதும் கண்ணைப் பார்க்கக் கட்டாயப்படுத்துவதும் யாருடைய நலனுக்காக என்று கேட்டனர். நடத்தைப் பயிற்சியின் மீது கடும் விமர்சனம் எழுந்தது. இதனால் தண்டனை முறைகள் பெரும்பாலான இடங்களில் கைவிடப்பட்டன. பிறரைப் போலத் தோன்றச் செய்வதை விடுத்து, குழந்தை தன் தேவையைச் சொல்லவும், பாதுகாப்பாகவும் நிம்மதியாகவும் வாழவும் உதவுவதே இலக்கு என்ற கருத்து வலுப்பெற்றது.

இந்தியாவில்

இந்தியாவிலும் பெற்றோரே முன்னோடிகள். ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மேரி பருவா 1991-இல் டெல்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளுள் இதுவும் ஒன்று. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-இல் அமைந்த பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் பயிற்சியும் ஆசிரியர் கல்வியும் அளிக்கிறது. அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவிலும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன.

நிபுணர்கள் குறைவாக உள்ள நாட்டில் வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி என்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. இதற்கு ஒரு விடையைக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஆய்வு தந்தது. நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைக் காணொளியில் பதிவுசெய்து, அதை அவர்களோடு சேர்ந்து பார்த்து வழிகாட்டினர். 65 குழந்தைகளிடம் நடந்த இந்தக் குலுக்கல் முறை ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது. பெற்றோர் குழந்தையின் போக்கை அறிந்து பதிலளிப்பதும், குழந்தை தானாகப் பேச்சுத் தொடங்குவதும் கூடின.

அதிசய மருந்துகளின் அலை இங்கும் உண்டு. ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சை என்ற விளம்பரங்கள் பெருகியதை அடுத்து, தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைப் பரிந்துரைக்க இயலாது என்றும், அவ்வாறு சிகிச்சை அளிப்பதும் விளம்பரம் செய்வதும் தொழில் ஒழுங்கு மீறல் என்றும் அறிவித்தது.

வரலாறு தரும் அளவுகோல்

இன்று பரிந்துரைக்கப்படுபவை பேச்சுப் பயிற்சி, செயல்வழிச் சிகிச்சை, விளையாட்டோடு இணைந்த நடத்தைப் பயிற்சி, படங்களும் கருவிகளும் கொண்ட மாற்றுத் தொடர்பு முறைகள், பெற்றோர் பயிற்சி, பள்ளியில் தேவையான மாற்றங்கள் ஆகியவை. ஒரு குழந்தைக்குப் பொருந்துவது இன்னொரு குழந்தைக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. புதிதாக ஒரு முறை முன்வைக்கப்படும்போது, ஒப்பீட்டுப் பிரிவோடு சோதிக்கப்பட்டதா, தீங்கு உண்டா, முற்றிலும் குணமாகும் என்ற வாக்குறுதி தரப்படுகிறதா, குழந்தைக்கு அது நிம்மதி தருகிறதா என்று கேட்பதே மேலே கண்ட வரலாற்றின் பாடம். குறிப்பாக, முழுக் குணம் என்று உறுதி கூறுவோரிடம் எச்சரிக்கை தேவை.

கானர் தம் முதல் 11 குழந்தைகளின் பிற்கால வாழ்வை 1971-இல் ஆராய்ந்தார். பெரிய அரசுக் காப்பகங்களில் விடப்பட்டவர்கள் இருந்த திறனையும் இழந்திருந்தனர். டொனால்டின் கதை வேறு. 1942-இல் பெற்றோர் அவரை அருகிலிருந்த பண்ணையொன்றில், ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டனர். எதையும் அளந்துகொண்டே இருந்த சிறுவனிடம் அவர்கள் ஒரு கிணற்றை வெட்டி ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். மக்காச்சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணியபோது, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். அவர் பின்னர் கல்லூரியில் பட்டம் பெற்று, சொந்த ஊர் வங்கியில் நெடுங்காலம் பணியாற்றினார், கோல்ஃப் விளையாடினார், தனியாகப் பல நாடுகள் சுற்றினார். குடும்பத்தின் வசதி அதற்குத் துணையாக இருந்தது என்பதும் உண்மை. ஆட்டிசம் அவரை விட்டு நீங்கவில்லை. ஊரார் அவரை அப்படியே ஏற்றுக்கொண்டனர். 2023-இல், 89-ஆம் வயதில் ஃபாரஸ்டில் அவர் காலமானார். அந்தப் பண்ணைத் தம்பதி மருத்துவம் படித்தவர்கள் அல்லர். குழந்தையின் இயல்பைத் தடுக்காமல் அதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள். மருத்துவ உலகம் அந்த இடத்துக்கு வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின.